பின்திரையில் ஒரு வெள்ளை வீடு

அரண்மனைக்குள் மழை பெய்துவிட்டது.

கமலா ஸ்டுடியோவில் இருந்த ஒரே பின்திரை அந்த அரண்மனைதான். அகலமான படிக்கட்டு, இரண்டு தூண், மேல்மாடத்தில் விசிறியோடு ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி. மலாக்காவின் காஜா பேராங் வட்டாரத்தில் கல்யாணம் செய்துகொண்ட தமிழர்கள் பெரும்பாலும் அந்தப் படிக்கட்டின் அடியில் நின்றுதான் கேமராவை முறைத்திருக்கிறார்கள். இப்போது கூரை ஒழுகி, சீமாட்டியின் வாயிலிருந்து படிக்கட்டுவரை பழுப்பு நிறத்தில் நீளமாக ஒரு கறை இறங்கியிருந்தது.

"வாந்தி எடுத்த மாதிரி இருக்கு," என்றாள் சீதா.

"தொடைச்சா போயிரும்," என்றார் அவள் கணவரும் ஸ்டுடியோ முதலாளியுமான கலியாணசுந்தரம்.

துடைத்தார். சீமாட்டி போய்விட்டாள். கறை அப்படியே இருந்தது.

வேறு மாதமாக இருந்தால் இவ்வளவு கவலை இல்லை. அது ஐம்பத்தேழாம் வருஷத்து ஆகஸ்டு. மாதக் கடைசியில் வெள்ளைக்காரன் கொடியை இறக்கப் போகிறான். மலாக்கா முழுவதும் பெட்டியில் கிடந்த கோட்டும் பட்டுச்சேலையும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாவிட்டால் தங்களுக்குச் சுதந்திரம் கிடைத்ததற்கே சாட்சி இல்லாமல் போய்விடும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பைக் கலைக்கக் கலியாணசுந்தரம் எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. மகள் கமலவேணியின் கல்யாணம்.

மூவாரிலிருந்து மாப்பிள்ளையின் போட்டோ வந்திருந்தது. பையன் பெயர் ஜெயபாலன். அரசாங்க ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று கலியாணசுந்தரம் கேட்கவில்லை. அரசாங்கம் என்ற சொல்லுக்குப் பிறகு வருகிற எதுவும் அவர் காதில் விழுவதில்லை. போட்டோவில் பையன் ஒரு வெள்ளைச் சுவரின் முன்னால், வாசற்கதவை ஒட்டி நின்றிருந்தான். ஓட்டுக்கூரையின் ஓரம் தெரிந்தது. பக்கத்தில் செம்பருத்தி பூத்திருந்தது. ஒரு கையைப் பின்னால் நீட்டிக் கதவில் ஊன்றியபடி கேமராவை நேராகப் பார்த்தான்.

கலியாணசுந்தரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "தொழில்காரன் சொல்றேன் கேட்டுக்க. இது ஸ்கிரீன் இல்ல. அசல் செங்கல், அசல் சிமெண்டு. சொந்த வீடு."

"சொந்த வீடுன்னு எப்படித் தெரியும்?"

"வாடகை வீட்டுக்காரன் கதவுல அப்படிக் கை வெக்க மாட்டான். நான் வெச்சிருக்கேனா?"

சீதாவும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். "கதவுக்கு மேல வட்டவட்டமா ஓட்டை விட்டு அலங்காரம் பண்ணியிருக்காங்க. வசதிதான்."

கமலவேணி ஏற்கெனவே மூன்று வரன்களைத் தள்ளியவள். கண்ணாடியில் தன்னையே பார்க்கிறவன் மாதிரிக் கேமராவைப் பார்க்கிறான் என்று ஒருவனைத் தள்ளினாள். மற்ற இருவருக்கு அந்தக் காரணம்கூடக் கிடைக்கவில்லை. இந்தப் போட்டோவை மட்டும் ஜன்னலோரம் எடுத்துப்போய் வெகு நேரம் பார்த்தாள்.

"வீடு கெடக்குதுப்பா. முகத்தைப் பாருங்க. ஏதோ ஒண்ண பொறுப்பா பாத்துக்கிற முகம். எனக்குப் புடிச்சிருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "இதையாச்சும் கெடுத்துடாதீங்க," என்றாள்.

கலியாணசுந்தரத்துக்கு அன்றிலிருந்து தூக்கம் குறைந்தது. ஒரே மகள். அவள் வாயிலிருந்து புடிச்சிருக்கு என்ற வார்த்தை இதற்கு முன் வந்ததில்லை. உடனே மூவாருக்குக் கடிதம் எழுதினார். தங்கள் இல்லத்தின் அழகை நிழற்படத்திலேயே கண்டு மகிழ்ந்தோம் என்று தொடங்கி, அந்த இல்லத்தைப் பற்றியே முக்கால் கடிதம் எழுதினார். பதில் வந்தது. பெண் போட்டோ அனுப்பவும் என்று இருந்ததே தவிர வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"பாத்தியா, எவ்வளவு அடக்கம்," என்றார் சீதாவிடம்.

அந்த அடக்கமான குடும்பத்துக்கு அனுப்பப் போகிற படத்தில் கமலவேணி எதன் முன்னால் நிற்பது? கலியாணசுந்தரம் குடியிருந்தது ஸ்டுடியோவுக்கு மேலே, வாடகை மாடியில், ஏறினால் முனகுகிற ஏணிப்படி வைத்து. சீனர் ஸ்டுடியோவில் ஏரியும் பாலமுமாகப் புதுத்திரை வந்திருக்கிறது, அங்கே போய் எடுத்துக்கொண்டால் என்ன என்று சீதா கேட்டாள்.

"போட்டோக்காரன் பொண்ணு இன்னொரு போட்டோக்காரன்கிட்டப் போய் நிக்கிறதா? அதுக்கு நான் அந்தக் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுட்டு வெளிய எடுக்காமயே இருந்துடலாம்."

அன்று பொழுது சாய்ந்ததும் கம்போங் செட்டிக்குப் பக்கத்துத் திடலில் அரசாங்க வேன் வந்து நின்றது. வேனிலிருந்து ஒருவர் இறங்கி, இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத்துணி கட்டி, மேஜிக் லாந்தரில் கண்ணாடிச் சிலைடு போட்டுப் படம் காட்டினார். இலவசம் என்பதால் ஊரே முன்னால் பாய் போட்டுவிட்டது. கலியாணசுந்தரம் கடையடைத்துவிட்டுப் போனபோது துணிக்குப் பின்பக்கம்தான் இடம் இருந்தது. பின்பக்கத்தில் உட்கார்ந்தாலும் படம் தெரியும், இடமும் வலமும் மாறித் தெரியும், அவ்வளவுதான். ஒலிபெருக்கி மட்டும் முன்பக்கம் பார்த்து இருந்தது. சொற்பொழிவு முழுவதும் அந்தப் பக்கமே போயிற்று.

யானை அளவுக்கு ஒரு ஈ வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் வந்தார். கலியாணசுந்தரத்துக்குக் கண் சொருகியது. அப்போதுதான் அந்த வீடு வந்தது.

வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, பச்சைக் கதவு, பின்னால் குன்று, வாசலுக்குப் போக வளைந்த பாதை, இருபுறமும் பூச்செடி. சிலைடுக்கு யாரோ கையால் வர்ணம் தீட்டியிருந்தார்கள். அவர் எழுந்தே நின்றுவிட்டார். முன்பக்கம் ஏனோ எல்லாரும் சிரித்தார்கள். அழகான ஒன்றைக் காட்டினால் இந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிக்கத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வேன்காரர் தேவதாஸ், ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் இருந்த காதர் மைதீன் கடையில் பசியாறிக்கொண்டிருந்தார். கலியாணசுந்தரம் எதிரில் போய் உட்கார்ந்தார்.

"நேத்துக் காட்டுனீங்களே ஒரு வெள்ளை வீடு. அந்தச் சிலைடும் லாந்தரும் ரெண்டு நாளைக்குக் கொடுக்க முடியுமா?"

"எதுக்குங்க?"

"ஸ்டுடியோவுல துணியில பெருசா அதை விழவெச்சு, அது மேலயே கோடு போட்டு வர்ணம் அடிக்கப் போறேன். இனிமே யாரு போட்டோ எடுத்தாலும் அது முன்னாடிதான்."

தேவதாஸ் ரொட்டியைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியது போல் இருந்தது.

"அண்ணே, நான் ஊர் ஊராச் சுத்தறேன். எங்க காட்டினாலும் சிரிச்சிட்டு எந்திரிச்சுப் போயிர்றாங்க. இதை மாட்டி வெக்கணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்."

"ரசனை வேணும்ல," என்றார் கலியாணசுந்தரம்.

"எடுத்துக்குங்க. ஜனங்க தெனம் பாத்துப் பழகட்டும்."

இரண்டு பேரும் மனம் நிறைந்து கைகுலுக்கினார்கள்.

ஜன்னல்களை அடைத்து, லாந்தரைப் பற்றவைத்து, அரண்மனையின் மறுபக்கத்தில் வீட்டை விழவைத்தார். லாந்தரைப் பின்னுக்கு நகர்த்த நகர்த்த வீடு வளர்ந்தது. கூரை துணியின் மேல்விளிம்பைத் தொட்டதும்தான் நிறுத்தினார். மூவார் வீட்டைவிட ஒரு சுற்றாவது பெரிதாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கரியால் கோடு இழுத்தார், வர்ணம் குழைத்தார். சும்மா பார்த்து வரைய அவர் என்ன சாதாரண ஆளா? வீட்டின் பக்கவாட்டில் உயரமாக ஒரு குழாய் நின்றது. சமையலறைப் புகைபோக்கி என்று புரிந்துகொண்டு, அதன் வாயிலிருந்து சுருள்சுருளாகப் புகை விட்டார். வாசலில் ஒரு தண்ணீர்ச் சாடி இருந்தது. அதைச் செயற்கை நீரூற்றாக மாற்றினார். கதவில் ஒரு பட்டுத் திரைச்சீலை தொங்கவிட்டார்.

காதர் மைதீன் எட்டிப் பார்த்தார். "யாரு பங்களா அண்ணே? கவர்னர் வீடா?"

கலியாணசுந்தரம் தூரிகையை வர்ணத்தில் தோய்த்தார். கலைஞன் அந்த நேரத்தில் பேசக் கூடாது.

முதல் படம் கமலவேணிக்கு. அரக்குப் பட்டில், நாற்காலியில் ஒரு கை வைத்து, அப்போதுதான் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவள் போல் நின்றாள். தகப்பன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு அவளைப் பார்த்தார். இப்படி ஒரு வீட்டில் இவளை வாழவைக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார். அன்றைக்கே படம் மூவாருக்குத் தபாலில் போயிற்று.

அடுத்த நாளிலிருந்து கூட்டம். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் மாணிக்கவாசகம் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நீரூற்றுப் பக்கம் நின்றார். பள்ளி மண்டபத்தில் மாட்ட ஒரு பெரிய பிரிண்ட் வேண்டும் என்றார். உஜோங் பாசிரிலிருந்து புதுத் தம்பதி வந்து, கதவு நன்றாகத் தெரிகிற மாதிரி எடுக்கச் சொன்னார்கள்.

பிறகு கம்போங் செட்டியிலிருந்து சிவகாமசுந்தரி அம்மாள் தன் குடும்பத்தோடு வந்தார். தமிழ்ப் பெயர், நெற்றியில் திருநீறு, உடுத்தியிருந்தது மலாய்ப் பெண்கள் போலச் சாரோங்கும் கெபாயாவும், பேச்சு முழுக்க மலாய். பரம்பரையாக மலாக்காவிலேயே ஊறிப்போன அந்தக் கிராமத்தில் எல்லாரும் அப்படித்தான். கலியாணசுந்தரம் குடும்பத்தை வரிசையாக நிறுத்திவிட்டுத் துணிக்குள் புகுந்தார். கேமராக் கண்ணாடியில் எல்லாரும் தலைகீழாகத் தெரிந்தார்கள். அதில் தலைகீழாக நின்ற சிவகாமசுந்தரி திரும்பிப் பின்திரையை விரல் நீட்டிக் காட்டினார்.

"தவுக்கே, அப்பா பாசால் கம்பார் ஜம்பான்?"

கலியாணசுந்தரத்துக்கு மலாய் நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்திருப்பார். எதற்காகக் கக்கூஸ் படம் போட்டிருக்கிறாய், முதலாளி, என்று அந்த அம்மாள் கேட்டிருந்தார்.

அவர் துணிக்குள்ளேயே இருந்தார். வெளியிலிருந்து அம்மாள் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். வேன் வந்த அன்று அவர் முன்வரிசை. வீட்டுக்கு வீடு இதைப் போல ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், கண்ட இடத்தில் போகாதீர்கள் என்று சொல்லி இதைத்தான் காட்டினார்கள். அந்தக் குழாய் நாற்றம் மேலே போவதற்கு. சாடி கழுவிக்கொள்வதற்கு. கதவுக்கு மேலே உள்ள துளைகள் காற்றுக்கு.

"எடு, எடு, பரவாயில்லை," என்று மலாயில் முடித்தார் சிவகாமசுந்தரி. "சுத்தமாகத்தானே இருக்கிறது. அந்தப் புகையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்."

கூட்டம் போனதும் கலியாணசுந்தரம் பக்கத்துக் கடைக்கு ஓடினார்.

"காதர், அன்னைக்கு நீ முன்னாடிதானே உக்காந்திருந்தே?"

"ஆமாண்ணே. நான் சிரிச்சது கேக்கலியா?"

"அது கக்கூஸுன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன. அதுக்குத்தானே சிரிச்சேன்."

"அப்புறம் நான் வரையும்போது ஏன்யா சொல்லல?"

காதர் மைதீன் நியாயமாகவே யோசித்தார். "அது சின்னது அண்ணே. நீங்க வரைஞ்சது பங்களா. பத்தாததுக்குப் புகை வேற வருது. கக்கூஸுக்குள்ள எவன் சமைக்கிறான்?"

கலியாணசுந்தரம் பெஞ்சில் உட்கார்ந்தார். தலைமையாசிரியர் பள்ளி மண்டபத்தில் தொங்கப் போவதைப் பற்றி அவர் நினைக்கவில்லை. உஜோங் பாசிர் தம்பதியைப் பற்றியும் நினைக்கவில்லை. அரக்குப் பட்டில் கமலவேணி, கக்கூஸ் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவளாக, மூவாரில் மாப்பிள்ளை வீட்டு மேஜையில் கிடக்கிறாள். இதையாச்சும் கெடுத்துடாதீங்க என்ற குரல் காதிலேயே இருந்தது.

"தந்தி அடிங்க," என்றார் காதர் மைதீன்.

தந்தி ஆபீசில் நின்று பலமுறை எழுதிக் கிழித்துப்போட்டார். கடைசியில், போட்டோவில் பெரிய பிசகு, யாருக்கும் காட்ட வேண்டாம், விவரம் நேரில், என்று கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாளே பதில் தந்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பையனுடன் வருகிறோம்.

"ஏன் வர்றாங்க? யாரு வரச் சொன்னா?" என்று துள்ளினார்.

"விவரம் நேரில்னு நீங்கதானே அடிச்சீங்க," என்றாள் சீதா. அந்த வீட்டில் தந்தியை நிதானமாகப் படிப்பவள் அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பின்திரையைச் சரிசெய்தாக வேண்டும். மேலே சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்றாள் சீதா. மாதக் கடைசிவரை ஆட்கள் வரப்போகிறார்கள், வெறுந்துணி முன்னால் எடுத்தால் ஜெயில் போட்டோ என்பார்கள் என்று மறுத்தார். அதற்குப் பதிலாக, கதவின் கீழ்ப்பாதியை மறைக்க வாசலில் ஒரு ஓடை வரைந்தார். ஓடைக்குப் பொருத்தமாக இரண்டு வாத்தும் விட்டார்.

காதர் மைதீன் வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"என்னய்யா?"

"இப்ப ரொம்பி வழியற மாதிரி இருக்குண்ணே."

வாத்துகளும் அதற்கேற்ற முகத்தோடுதான் இருந்தன. கலியாணசுந்தரம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் வேறு யோசனை வந்தது. கட்டடத்துக்கு ஒரு அரசாங்கத் தோற்றம் கொடுத்துவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? கதவுக்கு மேலே, அந்தத் துளைகள் மறையும்படி ஒரு பலகை வரைந்து, அதில் சிவப்பெழுத்தில் மெர்டேக்கா என்று எழுதினார். விடுதலை. எழுதிவிட்டு எட்டி நின்று பார்த்தார். அவருக்கே ஏதோ உறுத்தியது.

"பொருத்தமாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார் காதர் மைதீன். "அவசரமா உள்ள போனவன் வெளிய வரும்போது அப்படித்தான் சொல்லுவான்."

சீதா வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். படி முனகிய சத்தத்தையும் மீறி அவள் சிரிப்புக் கேட்டது. கலியாணசுந்தரம் துணியைச் சுருட்டி, உத்தரத்துக்கு ஏற்றி, கயிற்றைச் சுவரிலிருந்த ஆணியில் முடிந்தார். இனிமேல் தொடுவதில்லை. விருந்தாளிகளை மேலே மாடியில் உட்காரவைத்து, கோப்பி கொடுத்து, எடுத்த படத்தில் பிலிம் கெட்டுவிட்டது என்று ஒரு பொய் சொல்லி, பழைய படத்தைத் திருப்பி வாங்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மூவார் ஆற்றைப் படகில் தாண்டி, பஸ் பிடித்து அவர்கள் வந்து சேர்ந்தார்கள். தகப்பனார் சேதுபதிக்குப் பெரிய மீசை. தாயார் அஞ்சலை மெலிந்து, வெற்றிலை குதப்பிக்கொண்டு, வாயே திறக்கவில்லை. ஜெயபாலன் போட்டோவில் இருந்த அதே முகம், தரையைப் பார்த்து நின்றான்.

அஞ்சலை ஏணிப்படியைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டார்.

"அம்மாவால ஏற முடியாதுங்க. இங்கயே உக்காந்துக்கறோம்," என்றார் சேதுபதி. போட்டோ எடுக்கப் போட்டிருந்த மூன்று நாற்காலியில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அவர்கள் தலைக்கு நேர் மேலே பின்திரை சுருண்டு தொங்கியது.

கலியாணசுந்தரம் வேர்த்தார். "உங்க வீட்டு வசதிக்கு முன்னாடி இதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஏதோ கடை மேல குடியிருக்கோம்."

சேதுபதி இருமினார். "வீடுன்னா என்னங்க. நாலு செவுரு, மேல ஓடு."

"அப்படிச் சொல்லாதீங்க. போட்டோவுல பாத்தோமே. அந்தக் கதவு ஒண்ணு போதுமே."

ஜெயபாலன் கையிலிருந்த பிஸ்கட் கீழே விழுந்தது.

"தந்தி பாத்தோம்," என்றார் சேதுபதி மெதுவாக. "பேசித் தீத்துக்கலாம்னுதான் வந்தோம். மனுஷன்னா சில விஷயம் முன்னப் பின்ன இருக்கும். கடுதாசியில எல்லாத்தையும் எழுத முடியுதா?"

"அதேதாங்க," என்றார் கலியாணசுந்தரம். இவ்வளவு நல்ல மனிதரா என்று அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. "ஒரு சின்னப் பிசகு. பெருசு பண்ணக் கூடாது."

"பண்ணவே கூடாது," என்றார் சேதுபதி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றியோடு பார்த்துக்கொண்டார்கள். எதற்காக என்று இருவருக்குமே தெரியாது.

அப்போது கமலவேணி கோப்பித் தட்டோடு படியில் இறங்கி வந்தாள். கனமான தட்டு. படி ஆடியது. ஜெயபாலன் சட்டென்று எழுந்து போய்த் தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு அழகான நேரம் அது. அவன் எழுந்த வேகத்தில் சாய்ந்த நாற்காலி சுவரில் போய் இடித்து, ஆணியிலிருந்த கயிறு அவிழ்ந்தது.

உத்தரத்திலிருந்து தடதடவென்று இறங்கி, கட்டை தரையில் மோதி, புழுதி கிளம்ப விரிந்து நின்றது வெள்ளை வீடு. மேலே சுருள்சுருளாகப் புகை. வாசலில் வழிந்தோடும் ஓடை. ஓடையில் வாத்து. கதவின் உச்சியில் சிவப்பெழுத்தில் மெர்டேக்கா. அதன் முன்னால் நாற்காலியில் சேதுபதியும் அஞ்சலையும், குடும்பப் படத்துக்கு உட்கார்ந்த மாதிரி.

சேதுபதி திரும்பிப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எழுந்தார்.

"போதுங்க. பொண்ணு போட்டோ வந்தப்பவே எம் மகன் சொன்னான், அப்பா, இது நம்மளைக் குத்திக் காட்டறதுக்குன்னே எடுத்திருக்காங்கன்னு. நான்தான் நம்பல. வேணாம்னா வேணாம்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். எங்களை வரவெச்சு, உக்காரவெச்சு, தலைக்கு மேல இதைக் கட்டித் தொங்கவிட்டு, அதுல ஓடையும் விட்டு, வாத்தும் விட்டு அவமானப்படுத்தணுமா? வாடா போலாம்."

கலியாணசுந்தரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதற்கு இவர்களுக்குக் குத்த வேண்டும்? ஆனால் கமலவேணியின் முகம் அவருக்கு விளங்கியது. தட்டின் ஒரு முனையை இன்னும் அவன் பிடித்திருந்தான், மறுமுனையை அவள் விடவில்லை.

ஆனது ஆகட்டும் என்று பொய்யை விட்டார்.

"அய்யா, நில்லுங்க. அது கக்கூஸுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. திரைக்குப் பின்பக்கம் உக்காந்து பாத்தேன், ஒரு வார்த்தை காதுல விழல. வீடுன்னு நெனைச்சேன். உங்க பையன் சொந்த வீட்டு வாசல்ல நிக்கிறான், எம் பொண்ணு மட்டும் வெறும் துணி முன்னாடி நிக்கணுமான்னு ஒரு ரோஷம். அதான் அதைப் பெருசா வரைஞ்சேன். புகையும் வாத்தும் எம் புத்தி. உங்களைக் கேலி பண்ற தைரியம் எனக்கு ஏதுங்க? தப்பு என்மேலதான். அதுக்காகப் பிள்ளைங்களைப் பிரிச்சுடாதீங்க."

வாசலில் ரொட்டித் தட்டோடு வந்து நின்ற காதர் மைதீன்கூட வாயை மூடிக்கொண்டார்.

சேதுபதி கலியாணசுந்தரத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மறுபடியும் அந்தத் திரையைப் பார்த்தார். மீசை மெல்லத் தொய்ந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"என்னது தெரியாதா?"

ஜெயபாலனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. கமலவேணி தட்டை மேஜையில் வைத்துவிட்டு, அவனை நேராகப் பார்த்தே கேட்டாள். "போட்டோவுல அந்தக் கதவை ஏன் அப்படி அழுத்திப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

அஞ்சலை எழுந்து வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினார்.

"அது வீட்டுக் கதவு இல்லம்மா, இவன் ஆபீஸ்காரங்க எங்க வீட்டுப் பின்னாடி கட்டுன கக்கூஸு, உங்கப்பா வரைஞ்சிருக்காரே அதே கதவுதான், அன்னைக்குத் தாப்பா இன்னும் போட்டிருக்கல, உள்ள நான் இருந்தேன்."